கடைசி வரி மேலே வந்தபோது

போன வருஷம் மழைக்காலத்தில், சிதம்பரம் மேல வீதியில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நடந்தது இது.

என் கணவர் சவுதியில் வேலை பார்த்தவர். அங்கேயே மாரடைப்பில் மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிச்சமிருந்தது நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதுதான். என் போன் திரையில் கோடு விழ ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. பேசியது அத்தனையையும் பிரின்ட் எடுத்துவிடலாம் என்று குமராட்சியில் மினிபஸ் ஏறினேன்.

சென்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக இறக்கினாள். முதன்முதலில் பேசியது மேலே இருந்தது, கடைசியாகப் பேசியது அடியில்.

“அவுரு கடைசியா பேசுனது முதல்ல வரணும்மா,” என்றேன். ஏனோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“அதுக்கென்னக்கா, வரியெல்லாம் தலைகீழா திருப்பிடலாம்.”

உடனே திருப்பியும் விட்டாள். படித்தால், அவர் நாலைந்து வரியாக அனுப்பியதெல்லாம் அடிவரி முதலில் வந்து குழம்பிக் கிடந்தது. மோட்டார் போடச் சொல்லிக் கொடுத்திருந்த மெசேஜ், “கடைசியா சுவிச்சைப் போடு” என்று ஆரம்பித்தது. அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு மெசேஜையும் ஒரே வரியாகச் சேர்த்துவிட்டு, பொறுமையாக மறுபடி திருப்பி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் படித்தேன். முதல் வரி: “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்.” கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. ஆனால் தாளைப் புரட்டப் புரட்ட அவருக்கு நெஞ்சுவலியே இல்லை. மகளுக்கு என்ன கலர் சைக்கிள் வேண்டும் என்று கேட்கிறார். இன்னும் புரட்டினால் மகளே பிறக்கவில்லை, பேர் தேடிக்கொண்டிருக்கிறோம். சமாதானம் ஆகிறோம், அப்புறம் சண்டை போடுகிறோம். கடைசித் தாளில் அவர் சென்னை ஏர்போர்ட்டில் நிற்கிறார். “அழுவாத புள்ள, உள்ள போறேன்.” அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், நான் முதன்முதலாக அனுப்பியது: “மச்சான், பஸ் கடலூர் தாண்டிடுச்சா?”

இறங்க வேண்டிய இடம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் மனசு தாங்காத நாளில் அந்தக் கடைசித் தாளை மட்டும் எடுத்துப் படிப்பேன். அதில் அவர் இன்னும் கடலூரைக்கூடத் தாண்டவில்லை, “வந்துடுங்க மச்சான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கி வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறார்.