சித்தி கொண்டுவந்த எடை மெஷின்

எங்கள் வீட்டில் அதிகம் சாப்பிடுகிறவள் நான்தான். ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் அது கிராம் கணக்கில் நிரூபணமாகிவிடுமோ என்று நான் நடுங்கியது நாலாம் வகுப்பு படித்தபோதுதான்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்லூரியில் உணவைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தகவல் திரட்ட, பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். முதலில் வீடு வீடாகப் போய் வாய்வார்த்தையாகக் கேட்டாள். அம்மாவையும் விடவில்லை.

“எல்லாரும் தின்னதுதான் நானும். ரெண்டு உருண்டை களி, கீரைக் கடைசல். இதெல்லாமா காலேஜுல கேக்கறாங்க?” என்று அம்மா சிரித்தாள்.

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம்தான் அம்மா தக்காளித் தோட்டத்தில் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்திருந்தாள். வெயில் என்றார் அப்பா; பித்தம் என்றார்கள் பக்கத்து வீட்டில். எனக்கு ராத்திரியெல்லாம் பயமாக இருந்தது.

மறுநாள் சித்தி ஒரு எடை மெஷினை அடுப்படியில் வைத்தாள். “வாயால சொன்னா ஒரு கணக்கு, நிறுத்துப் பார்த்தா வேற கணக்கு, அக்கா. மூணு நாளைக்கு எல்லார் தட்டையும் இதுல வச்சுட்டுத்தான் சாப்பிடணும்.”

“உன் தட்டை வச்சா மெஷினே உடைஞ்சிரும். அப்புறம் உனக்குப் பாதிக் களிதான்” என்று அண்ணன் வேறு பயமுறுத்தினான்.

அப்பா தட்டு, அண்ணன் தட்டு, அப்புறம் என் தட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். “நல்லாத் தின்னுடி, வளர்ற புள்ள” என்றாள் சித்தி. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் அரை உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“நான் அப்புறம் தின்னுக்கறேன், நீ போயி உன் வேலையைப் பாருடி” என்றாள் அம்மா. சித்தி அசையவில்லை. வேறு வழியில்லாமல் அம்மா சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தட்டில் போட்டு மெஷினில் வைத்தாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும், “ஐ! அம்மாதான் கடைசி!” என்று நான் கைதட்டினேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தார்.

“நாளையிலிருந்து மாவு சேர்த்துப் போடு” என்றார்.

மூன்று நாள் முடிந்து ஊருக்குப் போகும்போது சித்தி மெஷினை எடுத்துக்கொள்ளவில்லை. “காலேஜுல கணக்கு இன்னும் பத்தலைங்கறாங்க. தினமும் உங்கம்மா தட்டை வச்சுப் போட்டோ எடுத்து அனுப்பு. கொறைஞ்சா எனக்கு டிகிரி தரமாட்டாங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“இவ படிப்புக்கு நான் தின்னணுமாம், நல்ல கூத்து!” என்று அம்மா தினமும் புலம்பினாள். “கொறையுதும்மா, சித்தி பெயிலாயிரும்” என்று நான் கத்துவேன். தங்கச்சிக்காக இன்னொரு உருண்டை வைத்துக்கொள்வாள். அதன்பிறகு அம்மா தோட்டத்தில் விழவே இல்லை. நானும் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கினேன்.

சித்தி பட்டம் வாங்கினாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆனது. ஒருநாள் போட்டோ தவறினாலும் போன் வந்துவிடும். பட்டம் கொடுத்து முடித்த பிறகும் எந்தக் கல்லூரி அம்மாவின் தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.