கடல் பக்கம், கரைப் பக்கம்

ஸ்டானிஸ்லாஸ் குடும்பம் நடத்தியது தொண்டையை வைத்துத்தான். பாட்டுக்காரர் அல்ல, பிரசங்கியும் அல்ல. துறைமுகத்தில், கப்பலின் சரக்கறை வாயோரம் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாமல் பாரம் தூக்கி இறக்கும் வின்ச்காரனுக்குக் கையாலும் குரலாலும் வழி சொல்வது அவர் வேலை. வின்ச்காரன் அவருக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருப்பான். இவருக்கு இடது என்றால் அவனுக்கு வலது. ஆகவே அந்த வேலையில் இடதும் வலதும் கிடையாது. கடல் பக்கம், கரைப் பக்கம், அவ்வளவுதான். சங்கிலியில் தொங்கும் மூட்டைகள் ஆடத் தொடங்கினால் "கடல்! கடல்!" என்றோ "கரை!" என்றோ ஒரு சத்தம் போடுவார். கீழே நிற்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலகிக்கொள்வார்கள்.

"வூட்ல உப்பு டப்பா எங்கய்யான்னு கேட்டா, அடுப்புக்குக் கடல் பக்கம்ன்றாரு இந்த மனுசன்" என்று அவர் மனைவி அடைக்கலமேரி தெருக்குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தொண்டை கடல்தாரகை கால்பந்து கிளப்புக்குப் போய்விடும். ராயபுரத்தில், ரயில்வே மதிலுக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் புல் முளைக்காத ஒரு மைதானம். வடக்கே ஒரு கோல், தெற்கே ஒரு கோல். கோலுக்குக் கட்டும் வலை பழைய மீன்வலைதான். கடல்தாரகையின் கோல் கீப்பர் பாஸ்கர் குப்பத்துப் பையன். அவன் வீட்டுப் படகில் கிழிந்துபோனதை அவனே ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்தான். பூசை முடிந்து, சோறு தின்று, அந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ் மைதானத்துக்கு நடப்பார். ஆட்டம் தொடங்கியதும் பாஸ்கரின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஆட்கள் மறைத்து, புழுதி கிளம்பி, பந்து எங்கே என்று தெரியாத நேரத்தில் பின்னாலிருந்து "கரை!" என்று ஒரு குரல் வரும். பாஸ்கர் கரைப் பக்கம் பாய்வான். பந்து அங்கே இருக்கும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது கீப்பருக்கு இடது வலதாகும், வலது இடதாகும். கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடலோரம் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட பாஸ்கர் எழுபத்தொன்றாம் ஆண்டு, லீக் பாதியில் இருக்கும்போது, கிளப்பை விட்டுப் போனான்.

அந்தக் காலத்தில் கம்பெனிகள் தங்கள் அணிக்கு ஆள் பிடிக்க வேலை கொடுக்கும். லீக்கின் நடுவே கிளப்புகள் ஆட்களை விட்டுக்கொடுக்கவும் எடுத்துக்கொள்ளவும் சில நாள் அவகாசம் உண்டு. திருவொற்றியூர் கயிறு கம்பெனிக்குக் கீப்பர் தேவைப்பட்டான். கடல்தாரகைக்குக் கோல் போட ஆள் இல்லை. கம்பெனி பாஸ்கரை எடுத்துக்கொண்டு, வேலைநீக்கம் ஆகியிருந்த திருமலை என்ற முன்கள ஆட்டக்காரனை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. கல்மண்டபம் மூலையில் தாவூதின் டீக்கடையில்தான் ஸ்டானிஸ்லாஸ் இதைக் கேள்விப்பட்டார்.

"சுறாவக் குடுத்துட்டு சென்னாக்குன்னி வாங்கினு வந்துகீறானுங்கோ" என்றார் சிலுவைமுத்து. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். கிளப்பைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை, அதுவாகவே வரும்.

"அப்டி சொல்லாத மாமு" என்றார் தாவூது, டீயை ஆற்றிக்கொண்டே. "திருமலை காலு இன்னா காலு தெரியுமா? போன வருசம் நம்ம மேலயே ரெண்டு போட்டான்."

"நம்ம மேல எவன்தான் போடல? உன் கடை நாய் கூட ஒண்ணு போடும். கீப்பர் இல்லாம கோல் போட்டு இன்னா பண்றது? பூட்டு இல்லாத வூட்ல பணம் வெக்கிற மாரி."

"பாஸ்கர் மட்டும் இன்னா, கடவுளா? அந்த மயை மேட்ச்ல..."

"மயை மேட்ச்சப் பத்தி நீ பேசாத! அன்னிக்கு அவன் சேத்துல முங்கி எய்ந்தான், பந்து கையில கீது. அப்பால மதிலுக்கு மேல ஒதைச்சான் பாரு, எண்ணூர் போற கூட்ஸு வண்டி கரிமேல போய்க் குந்திக்கிச்சு. வேற பந்து கெடையாது. நடுவர் வண்டியப் பாத்துக்கினு நிக்கிறாரு!"

"நல்லா நிக்கிறாரு. கடைசில எண்ணூர்காரன் அந்தப் பந்துல ஒரு வருசம் ஆடுனான்" என்று தாவூது சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஸ்டானிஸ்லாஸ் மட்டும் சிரிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவன்" என்றார்.

அதுதான் அவருக்கு உறுத்தியது. பாஸ்கர் போனதில் கிளப்புக்கு ஒரு கீப்பர் போனான். ஸ்டானிஸ்லாஸுக்கோ நிற்பதற்கு இடமே போய்விட்டது.

புதிய கீப்பர் லியோனார்ட் ரயில்வே காலனிக்காரன். நல்ல உயரம், நல்ல கை. முதல் ஆட்டத்தில் வழக்கம்போல அவன் பின்னால் நின்று ஸ்டானிஸ்லாஸ் "கரை!" என்று கத்தினார். லியோனார்ட் திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பிய நேரத்தில் பந்து உள்ளே போய்விட்டது.

"மாமா, உனக்குப் புண்ணியமாப் போவுது, கத்தாத" என்றான், வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு. "கடல்ன்ற, கரைன்ற. நான் இன்னா கட்டுமரமா? நீ கத்துனாலே பேஜாரா கீது."

அவன் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னான். ஆனால் அடுத்த ஞாயிறு முதல் ஸ்டானிஸ்லாஸ் வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு கோட்டோரமாக நிற்கத் தொடங்கினார். எல்லாரையும் போல. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பாஸ்கரின் அம்மா கோவிந்தம்மா மீன் கூடையோடு வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். அடைக்கலமேரி சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கோவிந்தம்மா உள்ளே இருந்தவருக்குக் கேட்கும்படி பேசினாள்.

"உங்கூட்டுக்காரரு மூஞ்சியப் பாத்து சொல்ல அவனுக்கு தைரியம் இல்ல மேரி. படகும் போச்சு, அவங்க நைனாவுக்கும் கண்ணு தெரில. லீக்கு முடியிறவரைக்கும் டெம்ப்ரவரிதானாம், அப்பால பாத்துதான் நெரந்தரமாம். உங்க கிளப்பு மேட்ச்ல ஒரு கோல் வுட்டான்னா கூட, வேணும்னே வுட்டான்னு சொல்லி அனுப்ச்சிருவானுங்கோ."

"அது அவன் பாடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இனிமே நான் அவன்கூட பேசப்போறதில்ல. சொல்லிடு."

"கேட்டுகினேன்" என்றாள் கோவிந்தம்மா. ஆனாலும் எடைக்கு மேலே ஒரு மீனைப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

லீக்கின் கடைசி ஆட்டம் கடல்தாரகைக்கும் கயிறு கம்பெனிக்கும் விழுந்தது. கடல்தாரகை ஜெயித்தால் முதல் டிவிஷனில் நிலைக்கும். சமன் ஆனாலும் தோற்றாலும் கீழே இறங்க வேண்டியதுதான். ராயபுரத்துக்கே இது தெரியும். அன்று மாலை ரயில்வே மதில் மேல்கூட உட்கார இடமில்லை.

முதல் பாதியில் எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. லியோனார்ட் யார் கத்தலும் இல்லாமல் நன்றாகவே தடுத்தான். திருமலை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து தாவூது, "சென்னாக்குன்னியா? இப்ப சொல்லு மாமு!" என்று சிலுவைமுத்துவின் முதுகில் தட்டினார்.

இடைவேளையில் சிலுவைமுத்துவுக்கு ஒரு யோசனை உதித்தது. எதிரணி கீப்பரின் பின்னால் கூட்டமாகப் போய் நின்று அவனைக் கலவரப்படுத்துவது அங்கே உள்ள வழக்கம்தான். இவர் அதற்கு மேலே ஒரு படி போனார்.

"மாமு, நீயும் வா" என்று ஸ்டானிஸ்லாஸின் கையைப் பிடித்து இழுத்தார். "நீ ஒண்ணும் பேச வாணாம். சும்மா அவன் பின்னால நில்லு. உன் மூஞ்சியப் பாத்தாலே அவனுக்குக் கை நடுங்கும்."

"நான் எதுக்குடா?"

"கிளப்பு மேல விசுவாசம் கீதா இல்லியா உனக்கு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு போகாமல் இருக்க முடியுமா? போனார். வடக்குக் கோலுக்குப் பின்னால், அவர் எப்போதும் நிற்கும் அதே இடத்தில், அவரை முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். பாஸ்கர் வந்தான். துண்டை வலையின் ஓரத்தில், எப்போதும் மாட்டும் கண்ணியிலேயே மாட்டினான். அவரைப் பார்த்தான். மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். சிலுவைமுத்துவின் கூட்டம் ஊளையிட்டது. "கயித்துல தொங்குடா!" "மீன் கவிச்சி போச்சு, இப்ப கயிறு நாத்தமா?" ஸ்டானிஸ்லாஸ் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். அந்த முதுகை அத்தனை நாள் கழித்து அவ்வளவு அருகில் பார்த்தது அவருக்கு என்னவோபோல் இருந்தது. பனியன் புதுசு. தோள் மட்டும் அதேதான், வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல.

நேரம் ஓடியது. கோல் விழவில்லை. கடைசியில் கடல்தாரகைக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. இரண்டு அணியும் கோல் வாயில் திரண்டுவிட்டது. பந்து உயரே வந்து, யாரோ தலையில் பட்டு, கால்களுக்கு நடுவே விழுந்து, மறைந்தது. புழுதி. பாஸ்கர் எட்டி எட்டிப் பார்ப்பதும், ஆட்கள் மறைப்பதும், அவன் கால் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்பதும் ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்தது. அவருக்குப் பந்தும் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் திருமலையின் காலடியில் இருந்தது. திருமலை காலைத் தூக்கினான்.

"கடல்!"

பாஸ்கர் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. கடல் பக்கம் பாய்ந்தான். கம்பத்தை ஒட்டிப் போன பந்து அவன் விரல் நுனியில் பட்டு வெளியே போனது.

கோலுக்குப் பின்னால் ஊளை நின்றுவிட்டது. எல்லாரும் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தார்கள். ஸ்டானிஸ்லாஸும், யார் கத்தியது என்பதுபோல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"மாமு" என்றார் சிலுவைமுத்து. "இன்னா மாமு பண்ட்ட நீ?"

சற்று நேரத்தில் விசில் ஊதிவிட்டது. சமன். கடல்தாரகை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கூட்டம் கலைய, ஸ்டானிஸ்லாஸ் யாரையும் பார்க்காமல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் அருகில் வந்தான்.

"அண்ணாத்தே."

"உன்கூட பேசறதில்ல நானு."

"அதான் பேசிட்டியே, அண்ணாத்தே."

பாஸ்கர் வலையின் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து மடித்தார்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தது. அவன் அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

"வேணும்னே கத்துனியாய்யா?" என்று வீட்டில் அடைக்கலமேரி கேட்டாள்.

"சங்கிலில மூட்ட ஆடுது. கீய ஒருத்தன் நிக்கிறான். கத்தாம இருக்க முடியுமா?"

"நீ பேசாத ஆளா இருந்தாலுமா?"

"மூட்ட அதெல்லாம் பாக்குமா, மேரி?"

பாஸ்கருக்கு வேலை நிரந்தரமானது. ஸ்டானிஸ்லாஸ் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். ஷிப்ட் முடிந்தால் கல்மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீடு வருவார். கடையில் என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அந்தப் பந்து கோலாகியிருக்குமா இல்லையா, திருமலை கடல் பக்கம் அடித்திருக்கலாமா, பாஸ்கரை விட்டது தப்பா, எல்லாம் பேசினார்கள். "அவன அங்க இஸ்த்துகினு போய் நிக்க வெச்சவன் யாரு? அத மொதல்ல சொல்லு" என்று தாவூது கேட்டாராம். சிலுவைமுத்து டீயைக் குடிக்காமலே எழுந்து போனாராம்.

அடுத்த லீக் தொடங்கும் ஞாயிறு, ஸ்டானிஸ்லாஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். வலை சுருட்டியபடி மூலையில் கிடந்தது. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அதைக் கதவருகே நகர்த்தி வைத்ததும் அவர்தான். லியோனார்ட் வந்தான். வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ஆனால் போகவில்லை.

"எய்ந்திரு மாமா."

"நான் எதுக்கு? நான் கத்துனா உனக்குத்தான் பேஜாராச்சே."

"நான் அன்னிக்கி எதிர்க் கோல்லேர்ந்து பாத்துகினே இருந்தேன்" என்றான் லியோனார்ட். "அந்தாளு பாக்காமலே பாய்ஞ்சாரு. பாக்காமலே! எனக்கும் அப்டி ஒரு குரல் ஓணும். ஆனா ஒண்ணு, கரைன்னு சொல்லாத. கரைன்னா எனக்கு மண்டையில ஏற மாட்டுது. நான் ரயில்வே காலனி. ரயிலுன்னு சொல்லு."

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை வருடம் வாயில் இருந்ததை மாற்றுவது லேசான காரியமா? உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "ரயிலு... கடலு... ரயிலு."

"கடல் அப்டியே இருக்கட்டும்" என்றான் லியோனார்ட்.

அடைக்கலமேரி தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

மைதானத்தில் அவரைக் கண்டதும் சிலுவைமுத்து ஒரு முழு நிமிடம் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஸ்டானிஸ்லாஸ் வலையைக் கம்பத்தில் கட்டி முடித்து, கோலுக்குப் பின்னால் போய் நின்றதும், மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"மாமு! நம்ம கோலு அதுதான்! நல்லாப் பாத்துக்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, லியோனார்டின் முதுகைப் பார்த்தார். இவனுக்கு இரண்டு தோளும் ஒரே மட்டம். பழக வேண்டும்.