சாம்பிராணி வாசம் அடித்த கார்

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் ஒரு கார் வாங்கினோம். புதுசு இல்லை. பல கை மாறி வந்த சின்னக் கார். பின்கதவை மேலே தூக்கித் திறப்பார்களே, அந்த மாதிரி. நிறம் வெள்ளை என்றார்கள். பெரிய மனசு வைத்தால் வெள்ளை என்று சொல்லலாம்.

கார் ஆசை பிடித்து வாங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நாங்கள் இருப்பது சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். வாரத்துக்கு மூன்று நாள் சுங்கை பெசாருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தோட்டத்துக்குள் பஸ் வராது. தெரிந்தவர் ஒருவரின் வேனில் போவோம். அவருக்கு வேறு சவாரி கிடைத்துவிட்டால் அன்றைக்கு எங்களுக்குப் பயணம் இல்லை. ஒரு நாள் தவறினால் அவருக்குக் கால் வீங்கும். அதற்கு அடுத்ததும் தவறினால் மூச்சு வாங்கும். வேன் வருமா வராதா என்று வாசலில் நின்று பார்ப்பதே என் பிழைப்பாகப் போயிருந்தது.

அவர் லோரி ஓட்டியவர். தோட்டத்துச் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போன ஆள். எந்த வண்டியைக் கண்டாலும் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்துவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மாப்பிள்ளை காரின் அடியைப் பார்த்த பிறகுதான் பந்தியில் உட்காருவார் என்று நான் கேலி செய்வேன். அன்றைக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. கதவைத் திறந்ததும் குப்பென்று சாம்பிராணி வாசம் அடித்தது. ஸ்டியரிங்கில் விபூதிப் பட்டை, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிறு. விற்றவரின் நெற்றியிலும் குறைவில்லாமல் விபூதி.

"வெள்ளிக்கெழம தவறாம சாம்பிராணி போடுவோம்ணே. நம்ம ஆளுகிட்ட பொய் சொல்ல மாட்டேன் லா" என்றார்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நம் ஆட்கள் அப்படித்தானே? சாம்பிராணி வாசம் வந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும், விபூதியைப் பார்த்தால் மீதியும் வந்துவிடும். சாமி கும்பிடுகிற வீட்டு வண்டி, சுத்தமாக வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்தபடி நின்று மூச்சை இழுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்து, முகமெல்லாம் பல்லாக இருந்தேன். "எடுத்துக்கலாம் புள்ள" என்றார்.

லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தேனே தவிர, நான் வண்டி ஓட்டியதே இல்லை. அவருக்கோ ஸ்டியரிங் பிடிக்கத் தெம்பு இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளச்ச மெதுவா விடு, அதென்ன தேங்காயா, அப்படி மிதிக்கிற?" என்பார். தோட்டத்து ரோட்டில் மாட்டு வண்டி வேகத்தில் போய்த்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை சுங்கை பெசார் போய்ச் சேர்ந்தபோது, இனி யார் வேனுக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. அந்தக் காரை நல்ல கார் ஆக்கிவிட வேண்டும். தோட்டத்து ரோட்டில் குழிக்குக் குழி தூக்கிப் போட்டால், ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். அதனால் முதலில் குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பரை மாற்றினேன். திரும்பி வரும்போது சாய்ந்து படுக்கட்டும் என்று, கார் உடைக்கிற கடையில் தேடி நல்ல முன்சீட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். பிறகு ஏர்கோன். பிறகு வெயில் தாங்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் காருக்குள்தான் போனது. ஒர்க்‌ஷாப் முதலாளி தவுக்கே என்னைக் கண்டாலே சிரிப்பார். எந்தப் பக்கம் சத்தம் வருகிறது, எத்தனாவது கியரில் வருகிறது என்று நான் சொல்லும் விவரத்தைக் கேட்டுவிட்டு, நீயே ஒரு கடை வைத்துக்கொள்ளலாம் என்பார்.

ஆனால் ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டது. விளக்கு திடீரென்று அணையும். ஏற்றிய கண்ணாடி இறங்காது. சாம்பிராணி வாசம் போகப் போக, மழை நாளில் உள்ளே ஒரு சேற்று வாடை வர ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு வைத்தேன். இலை காய்ந்துபோகும், வாடை மட்டும் போகாது. நான் விடவில்லை. எல்லாம் சரியானதும் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு இந்தக் காரிலேயே போகலாம், அடுத்த தீபாவளிக்குப் போகலாம், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயசில் நாமே கொண்டுபோய் விடலாம் என்று ஓட்டிக்கொண்டே பேசுவேன். அவர் வயலைப் பார்த்துக்கொண்டு வருவார். "ம்" என்பார்.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் அவர் காருக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, நான் கீழே விரித்திருந்த கார்ப்பெட்டைப் பிய்த்துத் தூக்கினேன். அடியில் சேறு. காய்ந்து, வெடித்து, தகரத்தோடு ஒட்டிப்போன சேறு. நடுவில் வைக்கோல் துணுக்கும் ஒரு சின்ன நத்தை ஓடும் கிடந்தன. தகரத்தில் கை வைத்தால் பொரிபொரியாக உதிர்ந்தது.

வெள்ளத்தில் முழுகிய கார். அந்தச் சேற்று நாற்றத்தை அமுக்கத்தான் சாம்பிராணி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றிவிட்டானே என்று கத்தினேன். இப்போதே போய் அவன் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்கிறேன் என்று சாவியை எடுத்தேன். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கோபம் அவர் பக்கம் திரும்பியது.

"காலமெல்லாம் லோரி ஓட்டுன ஆளுதானே நீங்க? குனிஞ்சி ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?"

"குனிஞ்சா எந்திரிக்க முடியாது புள்ள. அந்தாளு முன்னால விழ வேணாம்னு இருந்துச்சி."

நான் சாவியை வைத்துவிட்டு, உதிர்ந்த மண்ணைக் கையில் அள்ளினேன். அவர் அதோடு நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம்.

"பாக்கவும் வேண்டியதில்ல. கதவத் தொறந்தப்பவே தெரிஞ்சிருச்சி. சாமிக்கு யாரும் அவ்ளோ சாம்பிராணி போட மாட்டாங்க. தண்ணி ஏறுன வண்டின்னு தெரிஞ்சிதான் எடுத்தேன்."

"தெரிஞ்சி ஏன்யா எடுத்தீங்க?"

"நல்ல வண்டிக்கு நம்மகிட்ட வசதி எங்க? நான் இருக்கிற வரைக்கும் ஓடுனா போதும்னு நெனச்சேன். அதுவரைக்கும் ஓடும் லா."

இந்த டயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று லோரிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்களே, அதே குரலில்தான் சொன்னார். அழவில்லை, பெருமூச்சு விடவில்லை. நான் அந்த நாற்ற மண்ணை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது வரைக்கும் நான் பேசிக்கொண்டு வந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு "ம்"மும் ஞாபகத்துக்கு வந்தது. சண்டை போடுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. விற்றவன் என்னைத்தான் ஏமாற்றினான். அவரை யாரும் ஏமாற்றவில்லை.

அதற்குப் பிறகும் நான் காரை விடவில்லை. அவர் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று பைத்தியக்காரி மாதிரி வேலை செய்தேன். சேற்றைச் சுரண்டினேன். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டச் சொன்னேன். உளுத்த வயர்களையெல்லாம் தவுக்கே மாற்றிக் கொடுத்தார். புதுக் கார்ப்பெட் விரித்தேன். வாடை போயே போய்விட்டது. ஒரு நாள் அவரை உட்காரவைத்து, "இப்ப முகந்து பாருங்க" என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "புது வண்டியாட்டம் இருக்கு புள்ள" என்றார். அப்போது சீட்டில் பாதி இடம்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்பு, சுங்கை பெசாரில் மெஷினில் இருக்கும்போதே அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அந்தக் காரில் ஆம்புலன்ஸ் பின்னாலேயே போனேன். ஒரு தட்டுத் தடுமாற்றம் இல்லாமல் ஓடியது. திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன்.

கார் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. புருஷன் போனாலும் ஒரு வண்டியாவது இருக்கே என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அவர் போட்ட கணக்கு பிசகவில்லை. அவர் இருக்கிற வரைக்கும் ஓடியது, அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாள் அது நடுரோட்டில் நின்று தொலைந்தால்கூட நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

காரில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்த நான், பக்கத்து சீட்டில் இருந்தவர் சத்தம் போடாமல் வந்ததை மட்டும் நிம்மதி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போய்விட்டேன்.