புவனா அக்காவிடம் நான் மறைத்த மலை

புவனா அக்கா காலமான செய்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. லண்டன் நோர்பரியில் ஒரு கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியைகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். நான் பார்ப்பதற்குள் இருபது பேர் கைகூப்பிவிட்டார்கள். "நான் காலமையே கேள்விப்பட்டனான்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பதினெட்டு வருஷம் பக்கத்து வகுப்பில் படிப்பித்த எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவரை அறிந்த நீங்கள் என்னையும் அறிவீர்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி அவருடைய மகள் கவிதா போன் எடுத்தாள். "தேவி அன்ரி, நீங்க ரெண்டு பேரும் பொலிவியாவில சுத்திப் பார்த்த அந்த நாளைப் பற்றி எழுதுங்கோ. அம்மா எப்பவும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருப்பா." ஓம் என்றுவிட்டேன். அந்த நாளில் நான் அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் இருக்கும்வரை அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. இந்த மலரிலும் திருத்தாவிட்டால் இனி எங்கே திருத்துவது?

பள்ளிக்கூடத்தில் நான் மேல்வகுப்பு, அவர் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் அரிவரி. நான் பாடக்குறிப்பு எழுதி, படங்கள் வெட்டி ஒட்டிக்கொண்டு வருவேன். அவர் விமான நிலையத்தில் ஷிப்ட் முடித்து, ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வெறுங்கையோடு வருவார். இடைவேளை விட்டதும் என் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய வகுப்புக்குத்தான் ஓடுவார்கள். அங்கே போய் என்ன செய்கிறீர்கள் என்று ஒருத்தியிடம் கேட்டேன். "சும்மா, மிஸ்" என்றாள். அந்தச் சும்மா எனக்குப் பல நாள் செரிக்கவில்லை.

பொலிவியாவின் லா பாஸ் நகரம் என் ஆசை. வார நாட்களில் நான் ஆங்கிலப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். எத்தனையோ வகுப்புகளுக்கு அந்த ஊரை உலகப் படத்தில் தொட்டுக் காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்றதும் போவதென்று ஒரு வருஷம் ஸ்பானிஷ் படித்தேன். கடைசி நேரத்தில் என் கணவர் முழங்கால் வலியைச் சாட்டித் தப்பிவிட்டார். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிக் குறைப்பட்டபோது, வடை கடித்துக்கொண்டிருந்த அக்கா "நான் வாறன்" என்றார். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

போய் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஊரைச் சுற்றிக் காட்ட ரோசா என்ற வழிகாட்டிப் பெண் வேனோடு வந்தாள். கடல்மட்டத்திலிருந்து பன்னிரண்டாயிரம் அடி. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். நான் ஸ்பானிஷில் வணக்கம் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் விடவில்லை. நாள் முழுக்க நான் ஸ்பானிஷில் கேட்க, அவள் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அக்கா வேனில் ஏறியதும் கேட்டது ஒன்றுதான், பிள்ளை சாப்பிட்டாளா? அவள் சாப்பிட்டிருக்கவில்லை. உடனே கைப்பையிலிருந்து பருத்தித்துறை வடைப் பொதி வெளியே வந்தது. வடை எப்படிச் சுடுவதென்று அனுப்புவதற்காக இருவரும் போன் நம்பரும் மாற்றிக்கொண்டார்கள். அதோடு ரோசா, அக்காவின் ஆள் ஆகிவிட்டாள்.

சந்தையில் வட்டத் தொப்பியும் அகலப் பாவாடையும் அணிந்த பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உறைபனியில் போட்டு, மிதித்து, வெயிலில் காயவைத்த கறுத்த உருளைக்கிழங்கு குவியலாகக் கிடந்தது. அதைப் பற்றி நான் இரண்டு பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அக்கா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார், மணந்தார், கடித்தும் பார்த்துவிட்டார். "தேவி, இது எங்கட புழுக்கொடியல் மாதிரியெல்லே!" என்றவர், விற்ற பெண்ணிடம் பனங்கிழங்கு அவித்துக் காயவைக்கும் முறையைத் தமிழிலேயே விளக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கால் மணி நேரம் பேசினார்கள். என் குறிப்பு பையிலேயே இருந்தது.

கேபிள் காரில் போகும்போது ரோசா என் பக்கம் திரும்பிச் சனத்தொகை சொன்னாள். அக்கா பக்கம் திரும்பித் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். மாமியார் கதையைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மத்தியானம் நிலக்கடலை சூப். வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி இருக்கிறதா என்று ஸ்பானிஷில் விசாரித்தேன். இல்லை என்றார்கள். பெருமையோடு நாலு கரண்டி குடித்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். "தேவி, வையும். அடியில மாட்டெலும்பு கிடக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியாமல் குடிச்சது கணக்கில்லை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று தன் அவித்த கிழங்கில் பாதியை எனக்கு வைத்தார். சொன்னபடியே சொல்லவுமில்லை. அன்றைக்கு எனக்கு அவருடைய கிழங்கும் பிடிக்கவில்லை, அவரையும் பிடிக்கவில்லை.

பின்னேரம் ஒரு மேட்டுக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் இயிமானி பனிமலை தெரியும். ஆனால் காலையிலிருந்து மேகம். வேன் நின்ற இடத்திலிருந்து நிறையப் படிகள். பத்துப் படியில் அக்கா குந்திவிட்டார். "எனக்கு ஏலாது. நீர் போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லும்." நானும் ரோசாவும் ஏறினோம். மேலே போனபோது மேகம் விலகியிருந்தது. மூன்று சிகரமும் வெள்ளையாக, வெயில் பட்டு, கைக்கு எட்டுகிற தூரம் போல நின்றன. கீழே பள்ளம் முழுக்க வீடுகள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இது ஒன்றாவது எனக்கு மட்டும் என்று நினைத்தேன்.

இறங்கி வந்தபோது அக்கா எழுந்து நின்றார். "மலை தெரிஞ்சதோ?"

தெரிந்தது என்றால் ரோசாவின் கையைப் பிடித்துக்கொண்டு எப்படியும் ஏறிவிடுவார். பிறகு லண்டனில் அந்த மலையும் அவருடைய வாயால்தான் வரும். "இல்லை அக்கா, ஒரே மேகம்" என்றேன். நாங்கள் பேசியது தமிழில். ரோசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பாவம் நீர், இவ்வளவு படியும் ஏறி" என்று அக்கா என் முதுகைத் தடவிவிட்டார்.

திரும்பி வந்ததும் பள்ளிக்கூட ஒன்றுகூடலில் நான் படங்கள் காட்டிப் பேசினேன். பத்து நிமிஷத்தில் சனம் தேத்தண்ணீர் மேசைப் பக்கம் போய்விட்டது. அங்கே அக்கா புழுக்கொடியல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை அவர் முடிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும்: "தேவிதான் பாவம். அவ்வளவு படி ஏறி மேகத்தைக் கண்டது." பிறகு என்னைப் பார்ப்பார். நான் ஓம் என்று தலையாட்டுவேன். ஆறு வருஷம் ஆட்டினேன்.

இதுவரை எழுதிவிட்டு, மலருக்குப் படம் கேட்டுக் கவிதாவுக்குப் போன் எடுத்தேன். அவள் தாயின் போனில் தேடினாள். "அன்ரி, ரோசா எண்டு ஒராள் அனுப்பின படம் கிடக்கு. நீங்க முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறீங்க. முன்னுக்குப் பெரிய ஸ்நோ மவுண்டன். வடிவா இருக்கு."

எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அண்டைக்கே, ஈவினிங். அம்மா கீழ ஒரு ஹார்ட் போட்டிருக்கிறா."

அன்று பின்னேரமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஆறு வருஷம் எனக்காகப் பாவப்பட்டார். அது கேலியா, நானே வாய் திறக்கட்டும் என்ற பொறுமையா? இனி கேட்க முடியாது. அந்தப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். இந்தப் பக்கத்திலும் அதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, மலை முழுதாகத் தெரிந்தது. நான் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் பொய்யை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பொய்யாக இருந்திருந்தால், நான் அடுத்த சனிக்கிழமையே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பேன். உங்களால் அப்படி இருக்க முடிந்ததே என்று எனக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது.