ஒட்டுப் போடாத போசி

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருப்பவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதித் தொழில் நன்றாக நடக்கும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சமைத்துப்போடும் கேன்டீன்கார அம்மா ஒரு காலையில் வந்தார். முழங்கை வரை உள்ளே போகும் ஆழத்தில் சாம்பார்ப் போசிகள் வேண்டும். ஒட்டே இருக்கக் கூடாது. அவரிடம் இருந்தவை என் மச்சான் செய்தவை. மனைவிக்கு அண்ணன், எனக்கு அடுத்த பட்டறை. தகட்டை உருளையாகச் சுருட்டி, அடித்தட்டு வைத்து வெல்டிங் அடிப்பது அவர் முறை.

"ஒட்டுல பருப்புப் போய் ஒக்காந்துக்குதுங்க. எத்தன தேச்சாலும் மக்யா நாளு ஊசுன வாசம் அடிக்குது" என்றார் அந்த அம்மா.

மச்சான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "இந்த ஆழத்துக்கு ஒட்டில்லாம ஆரும் பண்ண மாட்டாங்க அம்மணி."

"நான் பண்றனுங்க. பிரஸ்ல ஒரே அமுக்கு!" என்றது என் வாய். என்னைக் கேட்கவே இல்லை.

"சாயங்காலம் வாரனுங்க. ஒண்ணு பண்ணிக் காட்டுங்க, அத்தனையும் உங்களுக்குத்தான்."

வேலையில்லாமல் நின்றிருந்த என் பிரஸ் எந்திரத்தை வாங்கிக்கொள்வதாக மச்சான் ஏற்கெனவே ஆறுதல் சொல்லியிருந்தார். இந்த ஆர்டரும் போனால் ஆறுதல் பலித்துவிடும்.

வட்டத் தகட்டில் எண்ணெய் தடவி, பிரஸ்ஸில் வைத்து அச்சுக்குள் அமுக்கினேன். பாதி ஆழம் வரை வெண்ணெய் போல இறங்கியது. பிறகு 'டப்'பென்று ஒரு சத்தம். அடி மூலையில் சுற்றிவரக் கிழிந்து, போசி வளையமாகவும் தட்டாகவும் பிரிந்தது. பிரஸ்ஸுக்குப் பொறுமை கிடையாது; இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த மூலையில்தான் விழும்.

சத்தம் கேட்டு மச்சான் வாசலுக்கே வந்துவிட்டார். நான் மிக முக்கியமான போன் வந்தவனைப் போலத் திரும்பி, "ஆமாங்க, சொல்லுங்க" என்று தெருவைப் பார்த்து நடந்தேன். பல்லடம் பஸ் எது வந்தாலும் ஏறிவிடும் உத்தேசம்.

"ஏனுங்க" என்று மனைவி கூப்பிட்டாள். "போன் இங்க சார்ஜுல கெடக்குது. நீங்க காதுல வெச்சிருக்கறது அளவு டேப்புங்க."

மச்சான் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கொஞ்சம் மூளையும் வரும்.

"பாதி வரைக்கும் நல்லாத்தான வந்துச்சு?" என்றாள் மனைவி.

வந்ததுதான். அப்படியானால் பிரஸ் பாதியோடு நிற்கட்டும். மீதியை என் பட்டறை லேத் பார்க்கும். லேத்தில் சுழலும் தகட்டை ரோலரால் அச்சின்மேல் அழுத்தினால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும், ஆனால் நகரும். தட்டைத் தகட்டிலிருந்தே தொடங்கினால் ஓரம் பாவாடைக் கொசுவம்போலச் சுருங்கும். பாதி போசியாகிவிட்டதற்கு அந்தத் தொல்லை இல்லை.

"மாப்ள, பிரஸ்ஸுக்காரன் பிரஸ்ஸோட நிக்கோணும், லேத்துக்காரன் லேத்தோட நிக்கோணும். இதென்ன ரெண்டுங்கெட்ட வேல?"

"ரெண்டுங்கெட்டதுதானுங்க மச்சான். தள்ளி நில்லுங்க, தெறிக்கும்" என்றேன்.

புதுத் தகட்டைப் பாதி அமுக்கி, விறைப்புப் போகச் சிவக்கக் காய்ச்சி, ஆறவைத்து லேத்தில் மாட்டினேன். ரோலர் தள்ளத் தள்ளப் போசியின் சுவர் மெலிந்து நீண்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் நான் கண்ணை மூடினேன். லேத் ஓட்டுபவன் செய்யக் கூடாத முதல் காரியம் அது.

சாயங்காலம் அந்த அம்மா வெளிப்புறத்தில் ரோலர் விட்ட வரிகளைத் தடவி, "கோடு கோடா இருக்குதுங்களே" என்றார்.

"சாம்பார் உள்ளதானுங்க ஊத்துவீங்க?"

அவர் முழங்கை வரை கையை விட்டு அடி மூலையை நகத்தால் சுற்றிவரச் சுரண்டினார். நகம் எங்கும் நிற்கவில்லை. "நாளைக்கே ஆரம்பிச்சிருங்க."

அவர் போனதும் மச்சான் போசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன பெரிய வித்த! நானும் பண்ணிருவன்."

"பண்ணுங்க மச்சான்" என்றேன். "கிழியறப்பக் கூப்புடுங்க, டேப்பு தாரன்."