கட்டைவிரலைத் தின்ன முந்திரி

முந்திரி உடைக்கிற பொழப்புல வெள்ளையா இருக்கறது பருப்பு மட்டுந்தான். நான் சொல்றது அத்தனையும் நெசம். ஒரு வார்த்தை பொய்யின்னாலும் அந்த முந்திரி ஓட்டுல வடியிற எண்ணெ என் நாக்குலயே படட்டும். பட்டா என்னாகும்னு தெரியாதவங்க ஓசூர் பக்கம் வாங்க, முந்திரி உடைக்கிறவங்க கையக் காட்டறேன். ரேஷன் கடையிலயோ கம்பெனியிலயோ விரலு வெச்சு மெஷின்கிட்ட அவமானப்பட்டவங்க எல்லாருக்கும் இது சொந்தக் கதை.

வெளிய தொங்குற கொட்டை

வருசக்கணக்கா முந்திரி உடைச்சேன், மரத்தப் பாத்ததில்ல. கூட வேலை செய்யிற மாதம்மாவுக்கு நாட்றாம்பாளையத்துல காடு. ஒருநா கூட்டிட்டுப் போனா. தண்ணி ஊத்தறதில்ல, மண்ணுல பாதி கல்லு. அதுல மரம் பூரா செவப்பும் மஞ்சளுமா பழம்! ஒவ்வொரு பழத்துக்கும் அடியில ஒத்தக் கொட்டை. வாயப் பொளந்துட்டு நின்னேன். "ஏன்டி, எல்லாப் பழமும் கொட்டைய உள்ள வெக்குது, இது மட்டும் ஏன் வெளிய தள்ளிருக்கு?"ன்னேன்.

"உன்ன மாதிரி வாயாடியா இருந்திருக்கும், வீட்டுக்குள்ள வெக்க முடியல."

மெஷின் சொன்ன பதில்

கம்பெனி கேன்டீன்ல வேலை கெடைச்சுது. மாசச் சம்பளம், வந்துபோக பஸ்ஸு. சேர்ற அன்னிக்கு விரலு வெக்கணும், ஆதாரோட ஒத்துப்போகணுமாம். வெச்சேன், செவப்பு லைட்டு. தொடச்சு வெச்சேன், செவப்பு. பத்து விரலும் செவப்பு! கையில வெளக்கெண்ணெ தடவித்தான் உடைப்போம். அப்பிடியும் ஓட்டு எண்ணெ ரேகையத் தின்னுட்டுது. பதினஞ்சு நாளுக்குள்ள ரேகை விழலன்னா வேற ஆளப் பாப்பேன்னுட்டாரு ஆபீசரு. கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு:

"மெஷினப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் பொறக்கவே இல்லம்மா."

ரேகை போன எடம்

உடைக்கறத அன்னிக்கே நிறுத்திட்டேன். சொல்லிட்டு வரலாம்னு ஷெட்டுக்குப் போனா, வாசல்ல முந்திரி ஓடு ஏத்துற லாரி. "இந்தக் குப்பைய எங்கண்ணே கொண்டு போற?"ன்னேன். டிரைவரு சிரிச்சாரு. அதுல எண்ணெ எடுப்பாங்களாம். பெயின்டுக்குப் போவுமாம், வண்டி பிரேக்குக்கும் போவுமாம். எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. "அப்ப ரோட்டுல வண்டியெல்லாம் என் ரேகையிலயா நிக்குது?"ன்னேன்.

"ஆமா தாயி, உன்னத் தின்ன எண்ணெதான் ஊரையே நிறுத்துது."

நர்சம்மா வைத்தியம்

ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட கையக் காட்டினேன். எண்ணெ படாம இருந்தா தோலு தானா வளருமாம். முட்டை, கடலை, முந்திரின்னு நல்லா சாப்புடணுமாம்; முந்திரியில புரதம், நல்ல கொழுப்பெல்லாம் இருக்குதாம். "அடக் கொடுமையே, இத்தன வருசம் கையில வெச்சிருந்தேன், வாயில வெக்கலையே!"ன்னேன்.

"ஒரு கைப்பிடி போதும், ஆத்திரத்துல மூட்டையத் தின்னுடாதீங்க."

பச்ச லைட்டு

பதினஞ்சாவது நாளு. கறுத்த தோலு உரிஞ்சு புதுத்தோலு வந்திருந்துச்சு. மாதம்மா கேட்டு வரைக்கும் கூட வந்தா. கண்ண மூடிட்டு வெச்சேன். பச்ச!

ஆதாருக்குக் கை வெச்சது முந்திரியத் தொடறதுக்கு முன்னாடி. எண்ணெ தின்னுட்டுப் போன அதே கோடு, அதே சுழி, மாறாம மொளைச்சிருக்கு. உள்ள உக்காந்து எவன் பாத்து வரையறான்? மாதம்மா தன் கறுத்த விரலத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னா. செக்யூரிட்டி அண்ணன் கேட்டத் தொறந்தாரு.

"பொறந்துட்டம்மா, உள்ள போ."

எண்ணெ பிரேக்குக்குப் போச்சு, பருப்பு ஊரான் பாயசத்துக்குப் போச்சு, ரேகை மட்டும் எங்கிட்டயே திரும்பிருச்சு. இவ்வளவு நேரம் ஓசியில கேட்டவங்க ஆளுக்கு ஒரு கைப்பிடி முந்திரி வெச்சுட்டுப் போங்க, ஒடைஞ்சது செல்லாது.