வெள்ளை கவுனில் ஒரு பழுப்புப் பொட்டு

மறுநாள் காலை ஆவடி சர்ச்சில் கல்யாணம். முந்தின நாள் பகல் பதினொன்றரை மணிக்கு மணப்பெண்ணின் வெள்ளை கவுன் என் டேபிள்மேல் கிடந்தது, இடுப்புக்குச் சற்றுக் கீழே மிளகு அளவில் ஒரு பழுப்புப் பொட்டோடு. சின்னக் கறைதான். ஆனால் பளபளக்கும் வெள்ளை சாட்டினில், அதுவும் நேர் முன்பக்கத்தில் இருந்தால், பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பூந்தமல்லியில் ஒரு டிரை கிளீனிங் கடையில் இருபது வருஷமாக ஸ்பாட்டிங் வேலை பார்க்கிறேன். துணி மெஷினுக்குள் போகும் முன் கறையை மட்டும் தனியாக எடுப்பதுதான் ஸ்பாட்டிங். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்த கவுன் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். இதில் தப்பு செய்தவள் நான்.

கவுனைக் கொண்டுவந்தவர் தேவராஜ். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஃபேக்டரியில் டெய்லராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகளின் கவுனை வெளியே கொடுக்க மனசில்லாமல் தானே தைத்திருந்தார். அதையும் அவராகச் சொல்லவில்லை. உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு சார் தச்சது?" என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

அவர் கடைக்குள் நுழைந்தபோது நான் வேறொரு அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவையில் கொட்டிய குழம்பை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, சாயத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டிருந்தார். "இன்னாம்மா, இது பட்டா, பாத்திரமா? இப்டி தேச்சுகினு வந்து என் தலைல கட்னா நான் இன்னா பண்றது?" என் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அந்த அம்மா முகம் சுண்டிப்போய் வெளியேறினார். அதே சூட்டோடு தேவராஜ் பக்கம் திரும்பினேன்.

"உங்க துணில இன்னா பட்டுச்சு சார்?"

கொஞ்சம் தயங்கினார். "டீ... டீ பட்டுருச்சும்மா."

டீக்கறை என்றால் ஓரத்தில் கருப்பாக ஒரு வளையம் நிற்கும். இதில் வளையம் இல்லை. அது என் கண்ணில் பட்டது, ஆனால் நின்று யோசிக்கவில்லை. டீக்கு விடுகிற கெமிக்கலை விட்டு, ஸ்டீம் கன்னால் ஒரே ஒரு தடவை சூடான ஆவி அடித்தேன். மங்க வேண்டிய பழுப்பு இன்னும் அழுத்தமானது. ஸ்டீம் கன்னைக் கீழே வைத்தேன்.

"சார், இது டீ இல்ல. நெஜமா இன்னாது?"

அவர் இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் ஊசி ஏறிய தடம்.

"முத்து கோத்துத் தைக்கறப்ப குத்திருச்சு. ஆயுசு பூரா தச்சவன், ஊசில குத்திக்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா. நீங்க வேற அந்தம்மாவ அப்படித் திட்டினீங்களா, வாய்ல டீன்னு வந்துருச்சு."

ரத்தத்தில் சூடு பட்டால் அது நூலோடு ஒட்டிக்கொள்ளும், முட்டை வேகிற மாதிரி. பச்சைத் தண்ணீரிலேயே போயிருக்க வேண்டியதை நான் வேகவைத்துவிட்டேன்.

அதற்குள் அவர் போன் அடித்தது. மகள் ஸ்டெல்லா. பீரோவில் கவுனைக் காணாமல் தேடியிருக்கிறாள். அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் சிவந்த மருதாணியோடு.

"நான்தான்மா சூடு காட்டிக் கெடுத்துட்டேன்," என்றேன்.

"அவங்க மேல தப்பில்ல ஸ்டெல்லா, ரத்தத்த டீன்னு நான்தான் பொய் சொல்லிட்டேன்," என்றார் தேவராஜ்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கங்க. பெராக்சைடு இருக்காக்கா? வேலப்பன்சாவடி ஆஸ்பத்திரி லேப்லதான் வேலை பாக்கறேன். என் கோட்டுல படாத ரத்தமா? பெராக்சைடுலதான் எடுப்பேன்." பிறகு அப்பாவின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு ஒரு பிளாஸ்டர் ஒட்டக் கூடாதாப்பா?"

முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு பெராக்சைடு விட்டுப் பார்த்தேன். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கறைக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். நுரை வந்தது. தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், பச்சைத் தண்ணீரால் அலசினேன், மறுபடி விட்டேன். பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறி, ஒருவழியாக எங்கே இருந்தது என்று தேட வேண்டிய நிலைக்கு வர இரண்டு மணிநேரம் ஆனது. அதுவரை அப்பாவும் மகளும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் விரல் அவள் கைக்குள் இருந்தது.

தண்ணீர்த் தடம் விழாமல் ஃபேன் காற்றில் காயவைத்தேன். "நான் இஸ்திரி போடட்டுமா?" என்று தேவராஜ் கேட்டார். கடையில் வெளி ஆளை டேபிளைத் தொட விடமாட்டோம். அன்று நான் ஒதுங்கி நின்றேன். சாட்டின்மேல் மெல்லிய துணி போட்டு, சூடு குறைத்து, ஒரு முத்தும் நசுங்காமல் அவர் போட்ட இஸ்திரியை நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் பொய் சொன்னதற்கு என் வாய்தான் காரணம். கத்துகிறவளிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை தெரியாமல் கறையில் கை வைத்தால் துணி போய்விடும். இப்போது கவுண்டரில் குரலைத் தணித்துத்தான் கேட்கிறேன்: "இன்னா பட்டுச்சு, ஊட்ல இன்னா போட்டுப் பாத்தீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

துணி கொண்டுவருகிறவர்கள் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும்: ஷாம்பு, பல்பொடி, பெட்ரோல், ஒருத்தர் மாப்பிள்ளையின் ஷேவிங் கிரீம்கூடப் போட்டிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் கறையைத் தொடுகிறேன்.